வீட்டை இப்போதே மகனுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் 72 வயதான, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். தஞ்சாவூர் மாவட்டத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மனை 1989இல் என் சம்பளத்தில் வாங்கியது. வீடும் நான் கட்டியதே. என் மனைவிக்கு 67 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு டிமென்ஷியா என்று நரம்பியல் மருத்துவர் கூறினார். இப்போதும் எங்களை அடையாளம் காண்கிறார், கையெழுத்துப் போடுகிறார். ஆனால் மாலையானால் குழப்பம் அதிகரிக்கிறது. பகலில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மாதம் 16,000 ரூபாய். திருச்சியில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் விசாரித்தபோது மாதம் 40,000 ரூபாயும் முன்பணமும் கேட்டார்கள். என் ஓய்வூதியம் 41,000. சேமிப்பு 22 லட்சம். மனைவியின் பெயரில் தனியாக ஒரு மனையும் 4 லட்சம் வங்கி வைப்பும் உள்ளன. மகன் பெங்களூரில் இருக்கிறான். "வீட்டை இப்போதே என் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், செலவு குறைவு, பின்னால் சிக்கல் வராது, இருவரையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். தினமும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டுவது அவள்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? மகனிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்டிருப்பது வீட்டைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமான செய்தி ஒன்று இருக்கிறது: உங்கள் துணைவியார் இன்னும் கையெழுத்துப் போடுகிறார் என்பது. முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

அவர் பெயரில் உள்ள மனையையும் வங்கி வைப்பையும் அவருக்காகவே செலவிட வேண்டிய நாள் வரும். அந்த நாளில் அவரால் புரிந்து கையெழுத்திட முடியாமல் போனால், இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்த கணவர் என்பதற்காகச் சட்டம் உங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தானாக அளித்துவிடாது. பலரும் "ஒரு பவர் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்" என்று நினைக்கிறார்கள். போதாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் அளித்தவர் மனநலம் இழந்தால் அந்தப் பவரும் அத்துடன் முடிந்துவிடுகிறது. அதாவது, பவர் எந்த நாளுக்காக எழுதப்பட்டதோ அதே நாளில் அது செல்லாததாகிறது. சில வெளிநாடுகளில் உள்ளதுபோல, எழுதியவர் நினைவிழந்த பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு நம் சட்டத்தில் இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறதே தவிர, நோயாளியின் சொத்தை நிர்வகிக்கக் காப்பாளரை நியமிக்கும் வழியைச் சொல்லவில்லை. ஆகவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுத்தான் காப்பாளர் நியமனம் பெறுகின்றன. நினைவிழந்து படுத்திருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் ஒரு பகுதிப் பணத்தை வைப்புத் தொகையாக வைக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான் செல்ல வேண்டிய இடம். வழி இருக்கிறது, ஆனால் பராமரிப்புக்கே நேரம் போதாத ஒரு மனிதர் அந்த அலைச்சலைத் தவிர்க்க முடியுமானால் தவிர்க்க வேண்டும்.

டிமென்ஷியா என்று மருத்துவர் எழுதிவிட்டதாலேயே ஒருவர் கையெழுத்திடும் தகுதியை இழந்துவிடுவதில்லை. அந்த நேரத்தில், அந்தப் பத்திரத்தில் என்ன இருக்கிறது, அதனால் தமக்கு என்ன நேரும் என்பதை அவர் புரிந்துகொள்கிறாரா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. அதனால் செய்ய வேண்டியதைக் காலை நேரத்தில் செய்யுங்கள். மாலையில் குழப்பம் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள், பத்திரத்தை நீட்டாமல், வழக்கமாகப் பேசுவதுபோல: "உன் மனையை என்ன செய்யலாம்?" மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பாரோ, விற்றுவிடலாம் என்பாரோ, அது அவருடைய சொத்து, அவருடைய விருப்பம். அவர் தெளிவாகப் பதில் சொன்னால், அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்ற சான்றிதழைப் பத்திரத்துக்கு மிக நெருங்கிய நாளில், முடிந்தால் அதே நாளில், பெறுங்கள். அவர் அந்த மனையை விற்கலாம். அல்லது உங்கள் பெயருக்கு எழுதி, உங்கள் கையில் பராமரிப்புக்கென வைக்கலாம். அல்லது உயில் எழுதலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருப்பது அவருக்குக் கடினம் என்றால், தக்க காரணம் காட்டி மனு கொடுத்தால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

அவர் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்தால் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்காதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் அல்லர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆனாலும் "ஒரு கையெழுத்துதானே" என்று வற்புறுத்தும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அப்படி வாங்கிய பத்திரம் பின்னால் செல்லாததாகலாம்; உங்கள் பிள்ளைகளுக்குள் பகையையும் விதைக்கும்.

வங்கி வைப்பு இதைவிட எளிது. இந்த வாரமே அவரை வங்கிக்கு அழைத்துச் சென்று, அவருடைய கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்ற முறைக்கு மாற்றுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கூட்டு வைப்பு முதிர்ந்த பிறகு ஒருவர் கையெழுத்தே போதும், முதிர்வுக்கு முன்பே எடுக்க வேண்டுமானால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். அதனால் 4 லட்சத்தையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே ரசீதாகப் போடாமல், ஆறு மாதம், ஓராண்டு என்று சிறு சிறு வைப்புகளாகப் பிரித்து வையுங்கள்.

இனி வீடு. என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்பது கவலையால்தான். ஆனால் அந்த வீடு இன்று உங்கள் பிள்ளைகளின் சொத்து அல்ல. உங்கள் இருவருடைய பராமரிப்புக்கான கடைசி இருப்பு. கணக்கைப் பார்த்தால் அது தெரியும்.

உங்கள் 22 லட்சத்தில் 4 லட்சத்தைக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு, 18 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 36,900 ரூபாய் வரும், மாதத்துக்கு 12,300. இத்திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் மாதம் 53,300. பகல் நேரப் பெண்ணுக்கு 16,000 கொடுத்து, மருந்து வாங்கி, வீட்டை நடத்த இது இப்போதைக்குப் போதும். ஆனால் இரவிலும் ஆள் வேண்டும் அல்லது பராமரிப்பு இல்லம் வேண்டும் என்ற கட்டம் வரும்போது, இல்லத்துக்கு 40,000, மருந்துக்கு ஒரு 5,000, உங்கள் ஒருவருடைய சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்துக்கு 22,000 என்று வைத்தாலே மாதம் 67,000 ஆகிறது. மாதம் 13,700 துண்டு விழும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,64,000. கையிலுள்ள 4 லட்சம் இரண்டரை ஆண்டுக்குள் கரைந்துவிடும். முன்பணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்த நோயோடு பத்தாண்டு, அதற்கு மேலும் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அவருக்கு வருவது குடும்ப ஓய்வூதியம் மட்டுமே; அது இப்போதைய தொகையில் தோராயமாக ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும்.

மருத்துவக் காப்பீடு இதைத் தாங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஓய்வூதியர்களுக்கான அரசின் காப்பீடும் சரி, 70 வயதைக் கடந்தவர்களுக்கென 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய 5 லட்ச ரூபாய்த் திட்டமும் சரி, மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை பெறுவதற்கானவை. குளிப்பாட்டவும், ஊட்டவும், இரவில் எழுந்து வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைக்கும் செலவை அவை தருவதில்லை. டிமென்ஷியா நோயாளியின் செலவில் பெரும்பகுதி அதுதான். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, நோயின் பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக நரம்பியல் நிபுணர் சான்றளித்தால், மூத்த குடிமகளின் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆகவே, ஒரு நாள் மாடியை வாடகைக்கு விடவோ, வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகவோ, அடமானம் வைக்கவோ வேண்டி வரலாம். வீடு உங்கள் பெயரில் இருந்தால் அந்த முடிவை நீங்கள் எடுக்கலாம். 60 வயதைக் கடந்தவர்கள் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டைக் காட்டி வங்கியிலிருந்து மாதந்தோறும் பணம் பெறும் தலைகீழ் அடமானம் என்ற ஏற்பாடும் உண்டு. உயிருடன் உள்ளவரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிறகு வாரிசுகள் கடனை வட்டியுடன் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையேல் வங்கி விற்றுக்கொள்ளும். இதைச் செய்து தரும் கிளைகள் குறைவு. கடன் வாங்கியவர்களில் கடைசி நபரின் காலம் வரைதான் அந்தப் பாதுகாப்பு. நீங்கள் தனியாக வாங்கினால், உங்களுக்குப் பின் உங்கள் துணைவியார் அந்த வீட்டில் இருப்பதே கேள்விக்குள்ளாகும். அவரையும் சேர்க்க அவருடைய கையெழுத்து வேண்டும். ஆகவே இதை எல்லா வழியும் அடைபட்ட பிறகான வழியாகவே கருதுகிறேன். வீட்டை மகனுக்கு எழுதிவிட்டால் இந்த வழிகளில் ஒன்றுகூட உங்கள் கையில் இராது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்த பத்திரத்தை மடிப்பு கிழியாமல் பிரிக்கவே எனக்குச் சற்று நேரமாயிற்று. "பையன் பார்த்துக்குவான்னு எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும் கொடுத்ததாக இருந்தது. சுவாதீனத்தை, அதாவது சொத்தின் கைவசத்தை, இன்றே ஒப்படைத்ததாக இருந்தது. இனி எக்காரணத்தைக் கொண்டும் இதை ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்று இருந்தது. பார்த்துக்கொள்வான் என்று ஒரு வரிகூட இல்லை. பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தை வழக்கம்போல எழுதியிருந்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

இத்தகையவர்களுக்காகத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கச் செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பில், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறியது. பெற்றோருக்கு ஆறுதலான போக்குதான். எனினும், மகன் மீது கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் நிலைக்கு ஒரு தந்தை வருவதே பெருந்துயரம். அந்த நிலைக்கு இடம் வைக்காமல் இருக்க இப்போது உங்களால் முடியும். எழுதிய செட்டில்மென்டை நீங்களே தனியாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய் ரத்து செய்துவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள்" என்று யாரேனும் சொல்லலாம். அது வெறும் செட்டில்மென்டைவிட மேல். வீட்டைவிட்டு உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ மகன் சம்மதிக்க வேண்டும். உங்கள் சிக்கல் தங்க இடம் பற்றியதல்ல, பணம் பற்றியது என்பதால் அதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

செலவு குறைவு என்ற மகனின் வாதம் பாதி சரி. குடும்பத்தினருக்கு எழுதும் செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. ஆனால் உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. உயிலை எத்தனை முறையும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். உங்களுக்கு வேண்டியது அதுதான்: உயிருடன் உள்ளவரை வீடு உங்களுடையது, உங்களுக்குப் பின் யாருக்கு என்பதும் தெளிவு.

ஆனால் உங்கள் உயில் "என் மனைவிக்கு, பிறகு பிள்ளைகளுக்கு" என்ற இரண்டு வரியில் முடியக்கூடாது. நீங்கள் முந்திக்கொண்டால் வீடும் பணமும் கையெழுத்திட இயலாத ஒருவர் பெயருக்குப் போகும். பிள்ளைகள் மறுபடியும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். அதற்குப் பதிலாக, உயிலிலேயே ஒரு அறக்கட்டளை ஏற்பாட்டைச் செய்து, மகனையும் மகளையும் பொறுப்பாளர்களாக நியமித்து, வைப்புகளும் வீடும் உங்கள் துணைவியார் காலம் முடியும்வரை அவருடைய பராமரிப்புக்கே பயன்பட வேண்டும், தேவைப்பட்டால் வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ பொறுப்பாளர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம், மீதியை இன்ன விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்று எழுதலாம். இதை நீங்களே எழுதாமல் வழக்கறிஞரை வைத்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்து மனைவிக்கு ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் வரையறுக்கப்பட்ட உரிமை (அவர் காலம்வரை மட்டும் அனுபவிக்கலாம் என்பது போன்றது), இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவால் முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வாசகத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் உங்கள் எண்ணம் மாறிப்போகலாம்.

சாட்சிகள் இருவர் வேண்டும்; அவர்கள் சொத்துப் பெறாதவர்களாக, உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்யுங்கள். வங்கியில் நாமினி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, உயில்படியோ வாரிசுரிமைப்படியோ உரியவரே உரிமையாளர். நீங்களே நினைவிழந்து சிகிச்சை பெறும் நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்ற முன்கூட்டிய மருத்துவ ஆவணத்தையும் எழுதிவையுங்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் சான்று பெற்றாலே போதும்.

மகளைப் பற்றி ஒரு சொல். "அவள் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அம்மாவைக் குளிப்பாட்டும் மகள் கேட்க மாட்டாள். அந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன செலவாகும் என்பது உங்களுக்கே தெரியும். பங்கு எவ்வளவு என்பதை நான் சொல்ல மாட்டேன்; ஆனால் சமமாகப் பிரித்தாலும் கூட்டிக் கொடுத்தாலும் காரணத்தை உயிலில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். பின்னாளில் அண்ணனும் தங்கையும் அதைப் படிக்கும்போது அப்பா பேசுவதாக இருக்கும். அதுவரை, வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு முழு ஓய்வு கொடுங்கள். அந்த ஒரு நாளுக்கான ஆள் செலவை மகன் ஏற்கட்டும்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது மகளையும் உட்காரவைத்து, மேலே உள்ள கணக்கை உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி இருவர் முன்னும் வையுங்கள். "வீட்டை உனக்குத் தர மறுக்கவில்லை, அம்மாவுக்கு முதலில் தருகிறேன். எங்களுக்குப் பின் யாருக்கு என்று உயிலில் இருக்கும். இந்த மாதத் துண்டுத் தொகையில் நீ எவ்வளவு தர முடியும் என்று சொல்" என்று கேளுங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது மனதிலிருந்து வந்ததாயின், அதற்கு இதுவே இடம்; அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை.

பகலில் வரும் பெண்ணுக்கும் உங்களுக்கும் நோயாளியைக் கையாளும் பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுமென்றால், முதியோருக்கான இலவசத் தொலைபேசி உதவி எண் 14567. உங்கள் பகுதியில் என்ன வசதி உண்டு என்று அங்கே கேட்கலாம். வீட்டு ஆவணங்களின் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வைப்பு ரசீதுகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் இருவருக்கும் சொல்லிவையுங்கள்.

மருத்துவரிடம் அடுத்து எப்போது போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதி தள்ளியிருந்தால் அதற்காகக் காத்திருக்காமல், இந்த வாரத்திலேயே ஒரு காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழைப் பற்றி அவரிடம் பேசுங்கள். வங்கிக்கும் அன்றே போய் வந்துவிடலாம்.